தொண்டிக் கடலா, வீட்டு டிரம்மா: ரீஃப் தொட்டிக்கு உப்புத் தண்ணீர் எந்த வழியில்?

"தொண்டி இந்தா இருக்கு. காரை எடுத்துக்கிட்டுப் போயி நாலு கேன் அள்ளிட்டு வந்தா ஆச்சு. இதுக்குப் போயி காசு குடுத்து உப்பு வாங்குறீங்களேண்ணே?"

கானாடுகாத்தானில் 120 லிட்டர் தொட்டி வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது. அதே வாரம் தேவகோட்டையிலிருந்து இன்னொருவர். அவர் தொட்டி 450 லிட்டர். மாதம் ஒருமுறை பெரிய டிரம்மில் கலந்து மூடி வைத்தால் கெட்டுப்போகுமா, இல்லை வாரா வாரம் கலந்து சாகத்தான் வேண்டுமா என்பது அவர் கவலை. இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆரம்பித்து நீண்டுகொண்டே போனதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டில் 200 லிட்டர் ரீஃப் தொட்டியை, அதாவது பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியை, ஆறு வருடமாக ஓட்டுகிறேன், கீழே சொல்லும் நான்கு வழியிலும் விழுந்து எழுந்திருக்கிறேன்.

எதை வைத்து முடிவெடுப்பது

உப்புத் தண்ணீர் என்றதும் எல்லாரும் சுத்தத்தைத்தான் கேட்பார்கள். அது முக்கியம்தான், ஆனால் அதற்கு முன்னால் நான் பார்ப்பது, போன வாரம் ஊற்றிய தண்ணீரும் இந்த வாரம் ஊற்றும் தண்ணீரும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது. பவளத்துக்கு மாற்றம்தான் ஆகாது. 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு) உப்பளவு, அதாவது 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026 என்று வைத்தால் அதிலேயே நிற்க வேண்டும்.

அடுத்தது வெயில். நம்ம ஊர் சித்திரை வைகாசியில் நிழலில் வைத்த தண்ணீரே 31, 32 டிகிரிக்கு வந்துவிடும், வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் ஹீட்டர் போட்டுக் கலப்பதைப் பார்த்து நாமும் வாங்கினால் அது பரணில்தான் கிடக்கும். மூன்றாவது, ராத்திரி 11 மணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் எவ்வளவு நேரத்தில் நல்ல தண்ணீர் கையில் இருக்கும். நான்காவது முதுகு: 25 லிட்டர் கேன் உப்புத் தண்ணீர் 25.6 கிலோ, கேன் எடை தனி. காசை நான் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன நாலில் ஒன்று தப்பினால் காசு தானாகப் போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு, இதை யாரும் முதலில் போடுவதில்லை. என் தொட்டியில் வாரம் 10 சதவீதம் மாற்றுகிறேன், 20 லிட்டர் உப்புத் தண்ணீர். ஆனால் சித்திரையில் நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும், ஆகவே அதை ஈடுகட்ட நன்னீர்தான் ஊற்ற வேண்டும். வாரத்துக்கு 21 லிட்டர். அந்த 20 லிட்டர் உப்புத் தண்ணீரைக் கலக்கவும் நன்னீர் வேண்டும். ஆக வீட்டில் எப்போதும் தீர்ந்துபோகும் பொருள் நன்னீர்தான்.

முதல் வழி: தொண்டியிலிருந்து கடல் தண்ணீர்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வழியாகத் தொண்டி சுமார் 60 கிலோமீட்டர். போக வர 120. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையே தொண்டி வளாகத்தில்தான் இருக்கிறது, அவ்வளவு பக்கம் என்றால் தம்பிக்கு ஆசை வருவதில் தப்பில்லை. தண்ணீருக்குக் காசில்லை, கடலில் இருக்கும் அத்தனை தாதுவும் அதே அளவில் இருக்கும்.

ஆனால் பாக் விரிகுடாக் கடல் ஆழமில்லாத கடல். காற்று கொஞ்சம் ஓங்கினால் அடிச்சேறு மேலே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் வந்து விழுந்து உப்பளவு இறங்கும், கோடையில் ஏறும். நான் ஒரு மார்கழியில் அள்ளி வந்தது 29 பிபிடி காட்டியது, கடைசியில் வீட்டில் உப்புப் போட்டுத்தான் ஏற்றினேன். உப்பு வாங்கக் கூடாது என்று போன பயணத்துக்கு உப்பு! படகு நிற்கும் இடத்துப் பக்கம் டீசல் மிதக்கும், இறால் பண்ணைத் தண்ணீர் எங்கே வந்து சேர்கிறது என்று கரையில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. இன்னும் தெற்கே மண்டபத்துக்குப் போனால் தெளிவாக இருக்கும் என்பார்கள். இருக்கும், எப்போதும் இருக்காது: 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடலே பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அந்த மாதிரி ஒரு நாளில் அள்ளியதைத் தொட்டியில் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அள்ளி வந்ததும் ஊற்றவும் முடியாது. துணியில் வடிகட்டி, இருட்டில் இரண்டு வாரமாவது மூடி வைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்து அடியில் படிந்த பிறகு மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, கரி வடிகட்டியில் விட்டு, காற்றுக் குமிழி ஓட்டி, அளந்து, அப்புறம்தான். ஆகவே இதற்கும் வீட்டில் டிரம் வேண்டும். மறைந்த செலவு என்றால் டீசல் ஒன்று, கார் டிக்கி இன்னொன்று. ஒரு கேன் மூடி லேசாகக் கசிந்ததில் என் வண்டியின் ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு பிடித்தது, பார்த்தது எட்டு மாதம் கழித்து.

போன இடத்தில் கரையில் கிடக்கும் பவளக்கல்லைத் தூக்கிவர வேண்டாம், அழகாக இருக்கிறதே என்று குழந்தைகள் கேட்டாலும். கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

இது யாருக்குச் சரி? தொண்டி, கோட்டைப்பட்டினம், தேவிபட்டினம் பக்கமே குடியிருந்து, கடலை நாள் பார்த்து அள்ளத் தெரிந்தவர்களுக்கு. தைக்கும் சித்திரைக்கும் இடையில், மீன் மட்டும் வளர்க்கும் பெரிய தொட்டிக்கு. மற்றவர்களுக்கு இது ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமைப் பயணம், மீன் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இரண்டாம் வழி: வாரா வாரம் வாளியில் கலப்பது

சின்னத் தொட்டிக்காரர்கள் பெரும்பாலும் செய்வது. சனிக்கிழமை ராத்திரி வாளியில் தண்ணீர் பிடித்து, உப்புப் போட்டு, பவர்ஹெட் (தண்ணீருக்குள் வைக்கும் சின்ன பம்ப்) ஓடவிட்டு, ஞாயிறு காலை மாற்றுவது. இடம் வேண்டாம், டிரம் வேண்டாம்.

செயற்கைக் கடல் உப்பு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை பிடிக்கும், 20 லிட்டருக்குச் சுமார் 740 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள், டம்ளரில் அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வரும். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அந்த நேரத்தில் செறிவு தாறுமாறாகி கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும், தண்ணீர் பால் மாதிரி வெளுத்துப்போய் எவ்வளவு நேரம் கலக்கினாலும் தெளியாது. மூட்டையை எடுப்பதற்கு முன் நன்றாக உருட்டிக் குலுக்குங்கள், பொடி அடியிலும் பரல் மேலேயும் பிரிந்து நிற்கும்.

குறைந்தால் கூட்டுவது சுலபம்: 20 லிட்டரில் 32 காட்டினால் 35க்கு வர 60 கிராமுக்குச் சற்று மேல். கூடி 37 ஆகிவிட்டால் ஒரு லிட்டரை எடுத்துவிட்டு ஒரு லிட்டர் நன்னீர் ஊற்றுங்கள், கிட்டத்தட்ட சரியாக வரும். உப்பளவு பார்க்கும் ரெஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் பார்ப்பதோடு நிற்காமல் 35 பிபிடி அளவுத் திரவத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இதன் பலவீனம் ராத்திரி 11 மணிதான். ஆர்.ஓ. இயந்திரம் 20 லிட்டர் கொடுக்க இரண்டு மணி நேரம் ஆகும், கரைந்து தெளிய இன்னும் ஒன்றிரண்டு மணி. அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போனால் ஆர்.ஓ.வும் ஓடாது.

மூன்றாம் வழி: டிரம்மில் மொத்தமாகக் கலந்து வைப்பது

தேவகோட்டைக்காரர் கேட்டது. நேர்ப் பதில்: கெட்டுப்போகாது. சுத்தமான நன்னீரில் கலந்த உப்புத் தண்ணீரில் அழுகுவதற்கு ஒன்றுமில்லை. மூடி, வெளிச்சம் படாமல் வைத்தால் பல வாரம் நிற்கும். எந்நேரமும் பம்ப் ஓடவும் வேண்டியதில்லை, எடுப்பதற்கு முந்தைய ராத்திரி ஓடினால் போதும். மூடாமல் வைத்தால்தான் ஆவியாகி உப்பு ஏறும். பெரிய சௌகரியம், ஒரு தடவை அளந்தால் மாதம் முழுக்க ஒரே தண்ணீர். அவசரத்துக்கும் தயார்.

சிக்கல் உப்பிலும் வெயிலிலும் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டைக் காட்டும் கார அளவை டிகேஹெச் என்ற அலகில் சொல்வார்கள், இயற்கைக் கடலில் அது 7 பக்கம். ரெட் சீ கோரல் ப்ரோ மாதிரி பவளம் வேகமாக வளர்வதற்கென்று வரும் உப்புகளில் 12 வரை போகும். இந்த வகையை 32 டிகிரிச் சூட்டில் நாள் கணக்கில் கலக்கவிட்டால் கார்பனேட்டும் கால்சியமும் சேர்ந்து டிரம் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், கால்சியம் கார்பனேட் அதற்கு நேர் எதிர், சூடு ஏற ஏறப் படியும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கால்சியம் டிரம்மில் ஒட்டியிருக்கும், தொட்டிக்கு மிச்சம்தான் போகும். சேமிப்பதானால் 7, 8 டிகேஹெச் தரும் சாதாரண ரீஃப் உப்பை வாங்குங்கள், விடியற்காலை 5 மணிக்குத் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது கலக்குங்கள்.

பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. தடிச் சுவர், உயரக் கூரை, வெளிச்சம் குறைந்த சாமான் அறை. அப்பத்தா காலத்தில் நெல்லும் புளியும் வைத்த அந்த அறை உப்புத் தண்ணீர் டிரம்முக்கென்றே கட்டியது போல இருக்கும். கெட்ட செய்தி, தரை. ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, உறிஞ்சும். உப்புத் தண்ணீர் சிந்திக் காய்ந்து சிந்திக் காய்ந்து என் வீட்டில் இரண்டு கல் உப்புப் பூத்து, பூ வேலை மங்கிவிட்டது. அதே நிறத்தில் மாற்றுக் கல் தேடி ஆத்தங்குடிக்கு மூன்று நடை நடந்தேன், நிறம் ஒத்துப்போகவேயில்லை. டிரம்முக்கு அடியில் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு கட்டாயம். மாடியில் வைக்கவே வேண்டாம், 200 லிட்டர் நிறைந்தால் டிரம்மோடு 210 கிலோவுக்கு மேல், தேக்கு உத்திரம் தாங்கும் என்று பெருமைக்காகச் சோதிக்காதீர்கள்.

டிரம் புதிதாக, உணவுத் தரத்தில், அடியில் 2 என்ற எண் போட்ட எச்.டி.பி.இ. ஆக இருக்கட்டும். பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கும், அதில் முன்னே என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. ஒட்டிய சுண்ணாம்பை வினிகர் ஊற்றித் துடைத்தால் போய்விடும்.

நான்காம் வழி: நன்னீரைச் சேமித்து, உப்பை உலர்வாக வைத்துக்கொள்வது

கடைசியில் நான் வந்து நின்ற இடம் இது. 100 லிட்டர் டிரம்மில் எப்போதும் பூஜ்யம் டிடிஎஸ் (கரைந்திருக்கும் தாதுக்களின் மொத்த அளவு) நன்னீர். உப்பு காற்றுப் புகாத வாளியில். தினம் ஆவியானதற்கு அதிலிருந்தே ஊற்றுகிறேன், மாற்றுவதற்கு முந்தைய ராத்திரி அதிலிருந்தே 20 லிட்டர் எடுத்துக் கலக்குகிறேன். கூடவே ஒரே ஒரு 25 லிட்டர் கேனில் கலந்த உப்புத் தண்ணீர், அவசரத்துக்கு. அந்தக் கேனை மாதம் ஒருமுறை தொட்டிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலந்து நிரப்புவேன்.

இது ஏன் இங்கே பொருந்துகிறது என்றால், வெயிலில் நன்னீருக்கு ஒன்றும் ஆகாது. படிவு இல்லை, உப்பளவு மாறுவதில்லை, சிந்தினால் தரைக்குக் கேடில்லை. ஆர்.ஓ. மெதுவாகக் கொடுப்பதும் பிரச்சினையில்லை, மின்சாரம் இருக்கும்போது பிடித்து வைத்தது மின்சாரம் இல்லாதபோது உதவும். உப்பு வாளியை மட்டும் ஐப்பசி ஈரத்தில் கவனமாக மூட வேண்டும், அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மூட்டையையே கல்லாக்கிவிடும். முழுதும் இறுகிய மூட்டையை உடைத்துப் போட்டால் கரையும் போல இருக்கும், கார அளவை அளந்தால் குறைந்திருக்கும். நான் அப்படி ஒரு அரை மூட்டையைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

நன்னீர் எங்கிருந்து? சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் தொட்டிக்கு நேராக ஆகாது, அந்த ருசி கரைந்திருக்கும் தாதுக்களால் வருவது. வீட்டுச் சமையலறை ஆர்.ஓ.வும் அப்படியே போதாது, குடிக்க ருசி வேண்டுமென்று அதில் தாது சேர்க்கும் பாகமோ, பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் திருகோ இருக்கும். அதற்குப் பின்னால் மிச்சத் தாதுவையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றை மாட்டி, மீட்டரில் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள். ரெசின் தீர்ந்தபின்னும் ஓட்டினால், பிடித்து வைத்த சிலிக்காவையே முதலில் திருப்பிக் கொடுக்கும், தொட்டிக் கண்ணாடியில் பழுப்புப் பாசி படரும். ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டராவது கழிக்கும். வாரம் 40 லிட்டருக்கு 120 லிட்டர் கழிவு. அதைப் பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்கப் பிடித்து வைக்காவிட்டால் நம்ம ஊர்க் கோடையில் வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்க வேண்டும், நியாயமான பேச்சு.

இதைவிட நல்ல ஊற்று நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் கூரை மழையெல்லாம் வளவு முற்றத்தில் விழும்படிதானே கட்டினார்கள்? ஐப்பசி மழையில் முதல் அரைமணி நேரத் தண்ணீரை விட்டுவிட்டு (தூசி, புறா எச்சம் எல்லாம் அதில் போய்விடும்) அப்புறம் பிடித்தால் என் வீட்டில் டிடிஎஸ் 8 முதல் 15 வரைதான் காட்டும். வடிகட்டி, கரியில் விட்டு, நேராக டி.ஐ. ரெசினில் விட்டால் பூஜ்யம். ஆர்.ஓ. வேண்டாம், கழிவு இல்லை, ரெசினும் பல மடங்கு நாள் வரும்.

ஆனால் எதில் பிடிக்கிறீர்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. முதல் வருடம் நான் பிடித்தது பித்தளை அண்டாவில். வீட்டில் ஆறு அண்டா சும்மா கிடக்கின்றன, ஐயா காலத்திலிருந்து முற்றத்து மழையை அதில்தானே பிடிக்கிறோம் என்று ஒரு ராத்திரி வைத்து, காலையில் அதிலேயே உப்பையும் கொட்டிக் கலக்கினேன். மழைத் தண்ணீர் லேசான அமிலத் தன்மை உள்ளது, பித்தளையிலிருந்து செம்பையும் துத்தநாகத்தையும் கரைக்கும், உப்புச் சேர்ந்தால் இன்னும் வேகம். மறுநாள் இரண்டு க்ளீனர் இறாலும் செத்துக் கிடந்தன, நத்தைகள் கீழே விழுந்தன, பவளங்கள் சுருங்கிக்கொண்டன. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் செம்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு நாள் ஆயிற்று. உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948லேயே அடிக்கல் நாட்டிய ஊரில் குடியிருந்துகொண்டு இப்படிச் செய்தேன் என்பதை நண்பர்கள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாய்த் தகரம் வழியாக வரும் தண்ணீரிலும் துத்தநாகம் வரும், ஆகவே தகரம் படாமல் ஓட்டுச் சரிவிலிருந்து நேராக விழும் பக்கத்தில் பிளாஸ்டிக் டிரம்மை வையுங்கள். எவர்சில்வரும் உப்புக்கு வேண்டாம்.

நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | தொண்டித் தண்ணீர் | வாளியில் வாரா வாரம் | டிரம்மில் உப்புத் தண்ணீர் | டிரம்மில் நன்னீர் |
|---|---|---|---|---|
| ஒரே மாதிரி இருக்குமா | பருவத்துக்குப் பருவம் மாறும் | உங்கள் கை அளவைப் பொறுத்தது | மாதம் முழுக்க ஒன்று | நிறுத்துப் போட்டால் ஒன்று |
| கோடை வெயில் | இருட்டில் வைக்க வேண்டும் | பாதிப்பில்லை | கார அளவு கூடிய உப்பு படியும் | பாதிப்பில்லை |
| ராத்திரி அவசரம் | இருப்பு இருந்தால் உண்டு | மூன்று நான்கு மணி நேரம் | உடனே | ஒரு கேன் உடனே, மிச்சம் இரண்டு மணி நேரம் |
| ஆவியானதற்கு ஊற்ற | உதவாது | தனியாகப் பிடிக்க வேண்டும் | உதவாது | அதே டிரம் |
| மறைந்த செலவு | டீசல், துரு, இரண்டு வாரக் காத்திருப்பு | நேரம் | தரை, இடம், வீணாகும் கால்சியம் | ரெசின், இறுகும் உப்பு |

எந்த வழியிலும் தப்பாத ஒரு செலவு உண்டு, எடுத்த பழைய தண்ணீரை எங்கே ஊற்றுவது. வாரம் 20 லிட்டரில் 700 கிராம் உப்பு இருக்கிறது, வருடத்துக்கு 36 கிலோ. அதைக் கிணற்றடியிலோ தென்னை மூட்டிலோ ஊற்றினால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. சாக்கடைக் குழாய்க்கே விடுங்கள்.

அப்ப யார் எதை எடுப்பது

கானாடுகாத்தான் தம்பிக்கு: 120 லிட்டருக்கு வாரம் 12 லிட்டர்தான் மாற்றப் போகிறீர்கள், இதற்குத் தொண்டி வரை போவது கொசுவுக்குப் பீரங்கி. இரண்டாம் வழியில் ஆரம்பியுங்கள், 50 லிட்டர் நன்னீர் டிரம் ஒன்று வாங்கியதும் நான்காவதுக்கு மாறிவிடுங்கள். உங்கள் வீட்டு முற்றம் எங்கள் வீட்டு முற்றத்தைவிடப் பெரியது, வரும் ஐப்பசியை விடாதீர்கள்.

தேவகோட்டைக்காரருக்கு: 450 லிட்டரில் 10 சதவீதம் என்றால் வாரம் 45 லிட்டர், அதை வாரா வாரம் வாளியில் கலக்கச் சொன்னால் ஆறு மாதத்தில் தொட்டியை விற்றுவிடுவீர்கள். உங்களுக்கு மூன்றாம் வழிதான், 200 லிட்டர் உப்பு டிரம் நான்கு வாரம் வரும். ஆனால் பக்கத்தில் 100 லிட்டர் நன்னீர் டிரம்மும் இருக்கட்டும், உங்கள் தொட்டி கோடையில் என்னுடையதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். நீங்கள் இப்போது வாங்கியிருக்கும் 12 டிகேஹெச் உப்பை முதலில் தீர்த்துவிட்டுச் சாதாரண ரீஃப் உப்புக்கு மாறுங்கள். அது தீரும்வரை 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் மாற்ற வேண்டாம்: 8ல் இருக்கும் தொட்டிக்கு 10 சதவீதம் மாற்றினால் 0.4தான் ஏறும், அவசரத்தில் பாதியை மாற்றினால் ஒரே அடியில் 10 ஆகிவிடும்.

அதிகம் வெளியூர் போகிறவர்கள் நன்னீர் டிரம்மோடு தண்ணீர் குறைந்தால் தானாக நிரப்பும் ஒரு மிதவையை மாட்டிவிட்டுப் போகலாம். வீட்டில் இருப்பவர்களை உப்புக் கலக்கச் சொல்லிவிட்டு மட்டும் போகாதீர்கள். நான் ஒருமுறை கல்யாணத்துக்குப் போய் எட்டு நாள் கழித்து வந்தபோது, ஆவியானதற்கு ஈடாக ஆச்சி மிகுந்த அக்கறையோடு அந்த அவசரக் கேனைக் காலி செய்து வைத்திருந்தார்கள், 39 பிபிடி காட்டியது. இப்போது அந்தக் கேனில் சிவப்புப் பெயிண்டில் "உப்பு" என்று எழுதி, கலந்த தேதியையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.